கல் சாலைக்கு மறுநாள்

எத்தனையோ மைல் என் பக்கத்தில் சைக்கிள் மிதித்து வந்த குணா மச்சானுக்கு,

நம் தோட்டத்துக் கல் சாலையில் போன மாதம் மறுபடியும் ரேஸ் நடந்தது. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ எங்களை விட்டுப் போனபிறகு இரண்டு தீபாவளி வந்து போய்விட்டது. இன்னமும் சைக்கிள் செய்தி எது காதில் விழுந்தாலும் என் கை தானாகப் போனை எடுக்கிறது. உன் எண்ணை நான் அழிக்கவில்லை. என் தங்கை சாந்தியும் அழிக்கவில்லை.

அந்த ரேஸில் உன் மகளும் ஓடினாள். பேராக் மாநிலச் சட்டை போட்டுக்கொண்டு, நம் தர்ஷினி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் பழையதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன். நீ பொறுமை இல்லாதவன், தெரியும். கேட்டுக்கொண்டே வா.

ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாம். வேலைக்கென்று ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் சேர்ந்து ஒரு அறை எடுத்தோம். நீ மோட்டார் பட்டறையில், நான் பஸ் கம்பெனியில். ஞாயிறு காலையானால் காம்பார் வரைக்கும் மிதித்துப் போய், அங்கே ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டுத் திரும்புவோம். அப்படியே மாநில அணிக்குள் நுழைந்தோம். நீ மலையேறுகிறவன். நான் உனக்குக் காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் போகிறவன். அதை நாம் ஒருநாளும் பேசி முடிவு செய்ததில்லை.

பிறகு வந்தது அந்த நான்கு நாள் பந்தயம். ஒவ்வொரு நாள் ஓட்டத்தின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவனுக்கு மஞ்சள் சட்டை. இரண்டாம் நாள் முடிவில் அது உன் உடம்பில் இருந்தது. மூன்றாம் நாள் பாதை நம் தோட்டத்துக்குள்ளேயே போனது, அந்தக் கல் சாலை வழியாக.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றுக் கல்லை அடுக்கிப் போட்ட சாலை அது. மழையில் பால் லாரி சேற்றில் இறங்காமல் இருக்க, லயத்திலிருந்து ஸ்டோர் வரைக்கும், அதாவது ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற ஆலை வரைக்கும் போட்டிருந்தார்கள். நமக்கு அது பள்ளிக்கூடம் போன வழி. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் முதல் நாளிலிருந்தே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலும் பல நாள் பந்தயங்களில் இப்படி ஒரு கல் சாலையை வைப்பது உண்டு. மலைமலையாக ஏறிச் சேர்த்த நிமிடங்கள் அங்கே ஒரு பஞ்சரில் போய்விடும். ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவர்களும் அவன்மேல் விழுவார்கள். விழாமல் வந்தவனும் முழுசாகத் தப்பிவிடுவதில்லை. அன்று வாங்கிய குலுக்கல் மறுநாள்தான் உடம்பில் தெரியும்.

நம் மேனேஜர் லியோங்குக்கு அது நன்றாகத் தெரியும். இன்று ஜெயிக்க வேண்டாம், கீழே விழாமல் வந்து சேர்ந்தால் போதும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏற்றம். பந்தயம் அங்கேதான் முடிவாகும். நீ தலையாட்டினாய். நான் நம்பிவிட்டேன்.

சாலையின் இரண்டு பக்கமும் தோட்டமே நின்றது. வேலைக்காட்டிலிருந்து தலைத்துண்டோடு அப்படியே வந்த பெண்கள். கோயில் தப்பு அடித்துக்கொண்டிருந்தது. உன் அம்மா மஞ்சள் சட்டையைப் பார்த்து, பெற்ற பிள்ளை என்பதையும் மறந்து, கையெடுத்துக் கும்பிட்டார். நீ ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாய்.

லியோங் பின்னால் வந்த அணிக் காடிக்குள்ளிருந்து கத்தியது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

அப்படி ஒருவன் கல்லில் ஓட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எந்தக் கல் பெயர்ந்திருக்கும், எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எல்லாம் உனக்கு மனப்பாடம். தனியாகவே போய் ஜெயித்தாய். தோட்டத்து ஆட்கள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோரைச் சுற்றினார்கள். அன்று சாயங்காலம் உன் கை சோற்றை அள்ளவில்லை. விரல் மடங்க மறுத்தது. நான் பிசைந்து உருட்டி உன் கையில் வைத்தேன். நீ சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய்.

மறுநாள் மலையில் நீ பாதி ஏற்றம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. முதுகு விட்டுப்போயிற்று. முந்தின நாள் நீ பின்னால் விட்ட ஒவ்வொருவனும் நம்மைத் தாண்டிப் போனான். நான் கூடவே ஏறினேன். உச்சியில் மஞ்சள் சட்டையைக் கழற்ற உன்னால் முடியவில்லை, ஜிப்பைப் பிடிக்க விரலில் வலு இல்லை. லியோங்தான் இழுத்துவிட்டார். அவர் உன்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் நீ என் தங்கை சாந்தியைக் கட்டினாய். வாய்ப்பேச்சுக்கு மச்சான் என்று கூப்பிட்டவன் நிஜ மச்சான் ஆனாய். இடது கையில் கடைசி இரண்டு விரலுக்கு உணர்ச்சி திரும்பி வரவே இல்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் அவள் வந்து நிற்பாள். நீ அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கல் சாலைதான் குணாவை ஏமாற்றிவிட்டது என்று புந்தோங்கில் எத்தனை பேர் உன் எதிரிலேயே சொன்னார்கள். நீ எழுந்து போய்விடுவாய்.

ஒரே ஒரு தடவை பேசினாய். தமிழ் முஸ்லிம் நடத்துகிற மாமாக் கடையில் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஐரோப்பிய ரேஸ், கல் சாலை நாள். முகமெல்லாம் புழுதியாக ஒருவன் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் நாளைக்குத் தாங்கமாட்டான் என்றேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்:

“கல்லு என்னை ஏமாத்தல மச்சான். ரெண்டு நாளைக்கு வச்சிருந்த பலத்த ஒரே நாள்ல கொடுத்துட்டேன். நம்ம ஆளுங்களுக்குத்தானே லா கொடுத்தேன்.”

அதில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா? அன்றே கேட்டிருக்கலாம். நீ இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டாய்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். தோட்டத்தில் லயங்கள் இல்லை மச்சான். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது, ஒரு மூலையில் வீட்டுத் திட்டம். ஸ்டோர் சுவர் மட்டும் நிற்கிறது. கல் சாலை அப்படியே இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றுகிற லாரிக்கு அது தேவைப்பட்டது போல. பெண்களுக்கென்று ஒரு பல நாள் ரேஸ் ஏற்பாடு செய்தார்கள். பாதை போடுகிற கமிட்டியில் பழைய ஆட்டக்காரன் என்று என்னையும் சேர்த்திருந்தார்கள். கல் சாலை ஒரு நாள், அதற்கு மறுநாள் கேமரன் ஏற்றம். வரைபடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நாம் ஓடிய அதே இரண்டு நாள்.

கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் சாந்தி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. “அந்த ரோட்ட வேணாம்னு சொல்லுண்ணே. உனக்கு என்ன தெரியும், அந்தக் கைக்கு நான் இத்தனை வருஷம் பொத்தான் போட்டேன்” என்றாள். நான் தர்ஷினியிடம் கேட்டேன். அவள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, எல்லாருக்கும் அதே கல்தானே மாமா என்றாள்.

கூட்டத்தில் ஒரு வெளிநாட்டு அணி மேனேஜர் எழுந்து, கல் சாலை என்பது பந்தயமில்லை, லாட்டரி என்றார். பயிற்சி செய்தவள் தோற்பாள், அதிர்ஷ்டக்காரி ஜெயிப்பாள் என்றார். பாதிப்பேர் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சாந்தி முகம் ஞாபகம் வந்தது, உன் முகமும்தான். பஞ்சர் ஆனால் சக்கரம் மாற்ற அங்கங்கே ஆள் நிறுத்துங்கள், மழை பெய்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மற்றபடி பாதையிலிருந்து அதை நீக்காதீர்கள் என்றேன். நீ ஒரு நாளில் எடுத்த முடிவை அதிர்ஷ்டம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் சாந்தி என் போனை எடுக்கவில்லை.

கல் சாலை நாளன்று அவள் வரவும் இல்லை. ஆனால் மற்றவர்கள் வந்திருந்தார்கள் மச்சான். ஈப்போவிலிருந்து, காம்பாரிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து காடி எடுத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு. லயம் இருந்த இடத்தைக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். தர்ஷினி முன் கூட்டத்தில் வந்தாள். மொத்த நேரத்தில் அவள் அன்று காலை வரை நான்காவது. “குணா மக வாரா” என்று ஒரு கிழவி குரல் கொடுத்தார். அவ்வளவுதான், மொத்த ஜனமும் உன் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது.

ஸ்டோர் வளைவுக்கு முன்னால் தாய்லாந்துப் பெண் ஒருத்தி வேகம் பிடித்துப் பிய்த்துக்கொண்டு போனாள். இரண்டு பேர் அவளைத் துரத்தினார்கள். தர்ஷினி போகவில்லை. கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்தபடி, தன் வேகத்தில், யாரையும் பார்க்காமல் எங்களைத் தாண்டிப் போனாள். கூட்டம் அடங்கிவிட்டது. அப்பன் ரத்தம் இல்லை போலிருக்கே என்று என் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவளுக்கு நிமிடங்கள் போயின. மூன்று இடம் பின்னால் போனாள்.

மறுநாள் மலை உச்சியில் மூடுபனி. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் சாந்தி சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்தாள், பக்கத்தில் வந்து நின்றாள். ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வந்தது. கல்லில் துரத்திப் போன இருவரும் பாதி ஏற்றத்தில் சோர்ந்துபோய்ப் பின்தங்கிவிட்டார்கள். உன்னைப் போலத்தான். தர்ஷினி அவர்களைத் தாண்டினாள். இன்னும் இருவரைத் தாண்டினாள். அந்தத் தாய்லாந்துப் பெண்ணை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை. கல்லும் மலையும் ஒன்றாகத் தாங்கிய உடம்பு. அப்படியும் ஒருத்தி இருக்கிறாள் மச்சான், நீ பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் சட்டை அவளுக்குத்தான். நம் பிள்ளை மொத்தத்தில் மூன்றாவது.

சைக்கிளை விட்டு இறங்கியதும் சாந்தி ஓடிப்போய் அவள் இடது கையைப் பிடித்தாள். கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக அழுத்தினாள். இது தெரியுதா, இது தெரியுதா என்று கேட்டாள். எல்லாம் தெரியுதும்மா என்றாள் பிள்ளை. சாந்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

காடியில் இறங்கி வரும்போது கேட்டுவிட்டேன். நேற்று அத்தனை பேர் அப்பா பேரைச் சொல்லிக் கத்தினார்களே, கேட்கவில்லையா?

“கேட்டுச்சு மாமா. ரொம்ப சூசாவா, கஷ்டமா இருந்துச்சு, அழுகை வந்துருச்சு. ஆனா அங்க அப்பா ஜெயிச்சாச்சுலா. எனக்கு மலை பாக்கி இருந்துச்சு.”

சிம்பாங் பூலாய் வருவதற்குள் பின்சீட்டில் அவள் தூங்கிவிட்டாள், வாயைத் திறந்துகொண்டு, நீ தூங்குகிற மாதிரியே. உனக்குக் கோபமா மச்சான்? இல்லை, நீ விட்டதை அவள் எடுத்துக்கொண்டாள் என்று சிரித்திருப்பாயா? எனக்கு இரண்டும் கேட்கிறது.

அடுத்த மாதம் தேசிய அணித் தேர்வுக்குப் போகிறாள். ஜெயித்து வருவாளோ தோற்று வருவாளோ, எனக்குத் தெரியாது. அவள் எந்த ஊரில் ஓடினாலும், எந்த இடத்தில் வந்து சேர்ந்தாலும், இறங்குகிற இடத்தில் நம் வீட்டு ஆள் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அது என் பொறுப்பு. என் காலுக்கு முடிகிற வரைக்கும் நான். அதற்கப்புறம் வேறு ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் உன்னிடம் வருவேன்.

உன் மச்சான்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
சேகர்
புந்தோங், ஈப்போ