புன்னைத்துறைப் பூங்காவில் கிணறு

சேசு மரி சூசை துணை

புன்னைத்துறை,
8 ஜூன் 2025

அன்புள்ள சிந்தியா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அங்கே வெயில் ஏறிவிட்டதாகச் சூசை அண்ணன் சொன்னார். தலையில் துணி இல்லாமல் நிற்காதீர்கள். போனில் பேசினால் நம் இருவருக்கும் கோபம்தான் முந்துகிறது. அதனால் எழுதி, லீவு முடிந்து ஓமனுக்குத் திரும்பும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

கடற்கரைப் பூங்காவில் எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கச் சோதனைக் கிணறு தோண்டப் போகிறார்களாம். ஊஞ்சலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டாயிற்று. ஒக்கிப் புயலில் போனவர்களின் பெயர்க் கல்லும் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. என் தம்பி டெல்வினுக்கு வேறு கல்லறை ஏது? உடலே கிடைக்கவில்லையே. அம்மா மெழுகுவர்த்தியோடு போய், வெளியே நின்றுவிட்டுத் திரும்பினாள். "மக்கா, கம்பிக்குள்ள கை போவல" என்றாள்.

கிணறு வேண்டாம் என்று சாயங்காலம் பெண்களெல்லாம் பூங்கா வாசலில் உட்கார்கிறோம். நானும்தான். கோபிக்க வேண்டாம்.

உங்கள்
ஜின்சி


ஓமன்,
29 ஜூன் 2025

அன்புள்ள ஜின்சி,

கடிதமும் மீன் ஊறுகாயும் வந்தன. ஊறுகாய் அறைக்காரர்களிடம் தப்பவில்லை.

நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். அந்தக் கிணற்று வேலையை எடுத்திருக்கும் காண்டிராக்டர் என்னை சூப்பர்வைசராகக் கூப்பிட்டிருக்கிறார். சம்மதம் சொல்லிவிட்டேன். நவம்பரில் வருகிறேன். திரும்பிப் போக வேண்டாம். நம் வீட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன்.

புயலன்று டெல்வினோடு அதே வள்ளத்தில் நானும் இருந்தேன். என்னைத் தூக்கிய கப்பல்காரர்கள் அவனைக் காணவில்லை. அதன்பின் என்னால் வள்ளத்தில் கால் வைக்க முடியவில்லை. கடல் கண்ணில் படாத வேலை வேண்டும் என்றுதான் இந்த மணலுக்கு வந்து எரிவாயுக் கிணறு துளைக்கக் கற்றுக்கொண்டேன். ஊரில் வேறு எந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள்? பெயர்க் கல்லை வேறு இடத்தில் வைத்துத் தரச் சொல்கிறேன். சிந்தியா போனில் மட்டும் அப்பாவைப் பார்த்து வளர்ந்துவிட்டாள்.

நீ அந்த வாசலில் போய் உட்காராதே.

பிரியமுள்ள
பிரபின்


சேசு மரி சூசை துணை

புன்னைத்துறை,
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சிந்தியா அப்பாவுக்கு,

வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நான் பூங்கா வாசலுக்குப் போகவில்லை. நீங்கள் வரும் சந்தோஷத்தில் மேல் அறைக்கு வெள்ளை அடித்தேன்.

நேற்று தக்கலையில் கிணறு பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம். சும்மா கேட்கத்தான் போனேன். கம்பெனிக்காரர் எழுந்து, தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடலாம் என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அது பொய் என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரரு அந்த வேலதான் பாக்காவ சார். கெணத்துப் பக்கத்துத் தண்ணிய மூஞ்சி கழுவக்கூட எடுக்க மாட்டோம்னு அவியதான் சொன்னாவ. அங்க போன பெறவு வந்த இருமல் இன்னும் போவல."

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. ஆனால் நான் யார் வீட்டுக்காரி என்று தெரியாதவர் உண்டா? யாரோ வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் வர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவர் கிடையாது. ஆனால் நம் பிள்ளை இந்த ஊர்த் தண்ணீரைத்தானே குடிக்கிறாள்.

ஜின்சி


ஓமன்,
14 செப்டம்பர் 2025

ஜின்சிக்கு,

காண்டிராக்டர் போன் செய்தார். "வீட்டையே ஒழுங்கா பாக்க முடியல, சைட்டை எப்படி ஓய் பாப்பீரு?" என்றார். அந்த வேலை இல்லை. இங்கேயும் விலகுவதாகச் சொல்லியிருந்ததால் என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். அல்ஜீரியாவில் ஒரு முகாமில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கிளம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு எதிர்பார்க்காதே.

நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஆனால் அதை நான் நம் அறையில், உன்னிடம் மட்டும் சொன்னேன். இனி யாரிடம் சொல்வேன்?

செலவுக்கு வழக்கம்போல் அனுப்புகிறேன்.

பிரபின்


சேசு மரி சூசை துணை

புன்னைத்துறை,
18 ஜனவரி 2026

அன்புள்ள சிந்தியா அப்பாவுக்கு,

புது முகவரியைச் சூசை அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. பிள்ளை கூப்பிட்டால் எடுக்கிறீர்கள். அதுமட்டும் ஆறுதல்.

பூங்காவில் கிணறு வராது. திட்டத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு வந்து, வேலியைப் பிரித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வெடி போட்டார்கள். "ஒன்னாலதான் மக்கா" என்று பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மாவைக் கல்லின் பக்கத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மேல் அறைக் கதவைத் திறந்தேன். சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து நின்றதற்கு நான் வருத்தப்படவில்லை. உங்களிடம் முதலில் கேட்காமல் எழுந்ததற்கு, தினமும்.

ஈஸ்டர் கழிந்து சிந்தியாவுக்குப் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். பெயர் கொடுக்கப் போனபோது பங்குத்தந்தை, "அப்பா வருவாரா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் சிந்தியா, "வரமாட்டாவ பாதர்" என்று சொல்லிவிட்டாள்.

நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்களா?

ஜின்சி