முப்பத்திரண்டாம் பக்கத்துத் துரோகி

ஞாயிற்றுக்கிழமை மாடி அறையைப் பெருக்கினேன். ஸ்டூலில் உன் புத்தகம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒருவர் புத்தகத்தை மற்றவர் தொடுவதில்லை என்பது அந்த அறையின் சட்டம். நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டதால் சட்டத்தை மீறினேன். முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட், மை அழிந்து வெள்ளைத் தாளாகிக் கிடந்தது. அதற்கு மேல் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. அச்சகத்தில் வெட்டாமல் விட்டவை. நீயும் பிரிக்கவில்லை.

ஆறு வருஷமாக நீ வாசித்த புத்தகமடா அது! அந்த நேரத்தில் ஒருவன் பெரிய கோயில் மதிலில் உள்ள கல்வெட்டு அத்தனையையும் எழுத்துக்கூட்டிப் படித்து, பிழை திருத்தி, மறுபடி வெட்டி வைத்திருப்பான்.

'டா' போடுகிறேனே என்று பார்க்காதே. உயிரோடு இருந்தவரை 'நீங்க' என்றுதான் சொன்னேன். அந்த மரியாதை முப்பத்திரண்டாம் பக்கத்தோடு முடிந்தது.

உறவுக்காரர்களைப் பொறுத்தவரை நான் கல்யாண வீட்டு மாமா. நான் போய் நின்றால்தான் நாதஸ்வரத்துக்கே மூச்சு வரும், நான் சிரிக்க வைத்தால்தான் சம்பந்திகள் சமாதானமாவார்கள் என்பது மூன்று தலைமுறையின் நம்பிக்கை. அந்தக் கூத்தை ஆடிவிட்டு வந்தால் இரண்டு நாளைக்கு எனக்கு மனித முகமே ஆகாது. புறப்பாடு முடிந்த யானையைக் கொட்டடியில் விடுவதுபோல என்னை விட்டுவிட வேண்டும். ஒரு புத்தகம், ஒரு ஃபேன், பேசாத சுவர் நான்கு. அப்போதுதான் உடம்புக்குள் உயிர் சொட்டுச் சொட்டாகத் திரும்பும். இதை வீட்டில் சொன்னால், "உங்களுக்கா கூச்சம்? போங்க மாமா!" என்று சிரிப்பார்கள். உலகத்தில் இந்த வியாதி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், உன்னைப் பார்க்கும்வரை.

நூலகத்தில் எதிர்மேஜையில் உட்கார்ந்திருந்தாய். ஞாயிறுதோறும் வந்தாய், நான்கு வாரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் தலைக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்று பலகை தொங்கியது. பலகைக்குக் கட்டுப்பட்டவனை நான் பிறவி மௌனி என்று எடுத்துக்கொண்டேன். நூலகத்தைப் பழுதுபார்க்கப் பூட்டியபோது, என் வாழ்நாளின் மகத்தான துணிச்சலைத் திரட்டி, "என் வீட்டு மாடி காலிதான்," என்றேன். தலையை ஆட்டினாய். பிறகு பன்னிரண்டு வருஷம், ஞாயிறு இரண்டு மணி முதல் ஐந்து வரை. மன்னார்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். காவிரியில் வெள்ளம் வந்தபோதும் வந்தாய். மூன்று மணி நேரம் இரண்டு புத்தகம், சத்தமே கிடையாது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொல்வாய்: "இன்னைக்கு நிறைய பேசிட்டோம். போயிட்டு வரேன்."

இதைவிட உயர்ந்த வாசகத்தை ரிஷிகளும் சொன்னதில்லை என்று பூரித்துப்போவேன். உலகத்தில் நாம் இரண்டு பேர் இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு முதல்முறையாக வந்தேன். வாசலில் உன் டீக்கடைக் கூட்டாளிகள் மூன்று பேர்: எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் சலீம் பாய், பி.டி. மாஸ்டராக ஓய்வு பெற்ற பீட்டர் சார், அவருடைய மைத்துனர்.

"அண்ணன் போனதுலேர்ந்து டீக்கடையில ரேடியோ நின்னுபோன மாதிரி இருக்கு சார்," என்றார் சலீம் பாய். "காலையில ஆறரைக்கு வாயைத் திறந்தாருன்னா, டீ மாஸ்டர் பாலை இறக்குற வரைக்கும் மூட மாட்டாரு."

வேறு வீட்டுக் காரியத்துக்கு வந்துவிட்டேனோ என்று படத்தைப் பார்த்தேன். மாலைக்குள் நீதான் இருந்தாய். தொண்டையைக் கனைத்து, "ம்," என்றேன்.

பீட்டர் சார் என் முழங்கையைப் பிடித்தார். "சார், நீங்க ஸ்ரீரங்கமா?"

"ம்."

"அட ஆண்டவரே! பாய், இவருதான் 'ம்' சார்!"

மூன்று பேரும் குபீரென்று சிரித்து, துக்க வீடென்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். விரலை நாக்கில் தொட்டு நான் பக்கம் திருப்புவது, இருபது நிமிஷத்துக்கு ஒரு கனைப்பு, சிரிப்பு வந்தால் தொந்தி மட்டும் குலுங்குவது என்று எதையும் நீ விட்டுவைக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் மன்னார்புரத்தில் நடித்துக் காட்டினாயாம்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் சலீம் பாய். "அண்ணனோட மேடம் நாலு வாரம் உங்க ஊர் கோயிலுக்குப் போனப்ப வெயிலுக்கு லைப்ரரியில ஒதுங்கினாரு. அப்படித்தான் உங்க பழக்கம். ஞாயித்துக்கிழமை முக்கொம்பு போலாம்னு எத்தனையோ தடவை கூப்பிட்டோம். 'அந்தாளு தனியா உக்காந்திருப்பாருப்பா'ன்னுட்டு பஸ் ஏறிடுவாரு."

தனியாக உட்கார்ந்திருப்பேனாம்! தனியாக உட்காரத்தானேடா அந்த அறையையே வைத்திருந்தேன்? ஊருக்கெல்லாம் வேஷம் கட்டுகிறவன் நான். ஒரே ஒருத்தன் முன்னால்தான் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவன் வேஷத்தோடு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறான், இரக்கப்பட்டு. சரித்திரத்தில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவர்கள் உண்டு, உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. பன்னிரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் வந்து துரோகம் செய்தவன் நீ ஒருவன்தான்.

அந்த மூவரும் மிகைப்படுத்துகிறார்கள் என்று மூன்று வாரம் என்னை ஏமாற்றிக்கொண்டேன். ஒட்டிக்கிடந்த தாள்கள் அதையும் பிடுங்கிக்கொண்டன. எனவே நேற்று, திங்கட்கிழமை, பழிவாங்க மன்னார்புரம் போனேன். நீ என்னை விற்ற கடையிலேயே உன்னை விற்பது என்று முடிவு.

அப்பப்பா, என்ன இரைச்சல்! மூன்று பேர் பேசியதில் மலைக்கோட்டை இரண்டடி நகர்ந்திருக்கும். இடைவெளி பார்த்து முப்பத்திரண்டாம் பக்கத்தைச் சொன்னேன். மைத்துனருக்குப் புரையேறியது. "ஆறு வருஷமா? அண்ணன் அண்ணன்தான்!" என்று சலீம் பாய் தொடையைத் தட்டினார். பழி இனித்தது.

அப்போது பீட்டர் சார் கேட்டார்: "சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? மூணு மணி நேரம் பேசாம எப்படி இருப்பாரு? நாங்க பார்த்ததே இல்லைங்க. கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தப்பதான் முதல் தடவையா..."

கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

சரி, அதையும் கேலி செய்துவிடுவோம் என்று பெஞ்சில் சாய்ந்தேன். இடது காலை மடக்கி மேலே வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினேன். மடியில் புத்தகம் விரித்திருப்பதுபோல இரண்டு கையையும் வைத்து, மாடி ஜன்னலைப் பார்ப்பதுபோலத் தெருப்பக்கம் திரும்பினேன். உன் மாதிரியே கீழுதட்டைத் தளர்த்தி, மூச்சை நிதானமாக விட்டேன். கொட்டாவி ஒன்று விட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். நீ ஒரு நாளும் விட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்துக் காட்டலாமென்றால், அதையும் நீ பார்த்ததில்லை. அந்த முகத்தில் சலிப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லையடா, பாவி.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. பேசிய உன்னை அவர்கள் மூவரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். பேசாத நீ முழுசாக என்னிடம் இருக்கிறாய், ஒருவருக்கும் தரமாட்டேன் என்றுதான் எழுதவந்தேன். ஆனால் அதற்குள் கடையில் பேச்சு நின்றிருந்தது. மூன்று பேர் டீயிலும் ஆடை படிந்திருந்தது. நான் காலை இறக்கப் போனேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க சார்," என்றார் சலீம் பாய்.

இருந்தேன்.