டீசல்தானே என்று நீ சொன்னாய்

உதியன்குளங்கரை,
மார்ச் 14, சனிக்கிழமை.

அன்புள்ள மகன் ஜித்தினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் சுமியும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே எங்களுக்கு மூச்சு ஓடுகிறது, மூன்று வேளை சாப்பிடுகிறோம், சுகம் என்று எழுதினால் அது பொய், பொய் இந்த வீட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் கிடக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் புகுந்து பேசுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் முழுவதும் கேட்பதில்லை என்று சுமியே சொன்னாள், அதனால் தாளில் எழுதுகிறேன். சாயந்தரம் உன் அக்காள் மினி வரும்போது படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளுடைய இளையவனுக்கு அம்மை இறங்கி இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, பிரஷர் மாத்திரையை டாக்டர் கூட்டி எழுதிவிட்டார். லாரியை போலீஸ் ஸ்டேஷனில் இருந்து விட்டுத் தந்த பிறகு அப்பா தொடவே இல்லை, முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடியபடி நிற்கிறது. விற்றுவிடலாம் என்று நீ சொன்னாயாம். நீ சொன்னதை எல்லாம் கேட்டு நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது நடந்தது உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. டீசல் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் விலை குறைவு என்று இங்குள்ள வண்டிக்காரர்கள் எல்லாரும் போகிறதுபோல நாமும் லாரியில் பனச்சமூடு தாண்டிப் போனோம், நீ ஆசைப்பட்டு ஓட்டினாய், நானும் அப்பாவும் பக்கத்தில் இருந்தோம். நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதர் அவர். பம்புக்குள் ஏறினால் முதலில் எஞ்சினை அணைப்பார், ஃபஸ்ட் கியரில் போடுவார், ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், அதற்குப் பிறகுதான் கதவைத் திறப்பார். செல்ஃப் சரியாக எடுக்காத நாளில்கூட அணைத்துத்தான் போடுவார், பிறகு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுவார், பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தாலும் கேட்கமாட்டார். அன்றைக்கு நீ அணைக்காமலே இறங்கினாய். டீசல் அடிக்கிற பின்சி, நம் ஆனந்தபாயின் மகள், அண்ணா வண்டிய ஆஃப் ஆக்குங்க என்று மரியாதையாகத்தான் சொன்னாள். நீ சிரித்தாய். டீசலாக்கும் மக்கா, பெட்ரோல் இல்ல, சட்டுண்ணு தீ பிடிக்காது, கானடாவுல மைனஸ் முப்பதுல நாங்க ஒருத்தரும் ஆஃப் ஆக்கமாட்டோம் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னாய். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. அப்பாவின் முகம் மலர்ந்தது, அதையும் நான் பார்த்தேன்.

நீ விமானம் ஏறின மறுநாளிலிருந்து அவர் எஞ்சினை அணைப்பதை நிறுத்திவிட்டார். செல்ஃபை ரிப்பேர் செய்யவும் மறந்துவிட்டார், அணைக்காத வண்டிக்கு செல்ஃப் எதற்கு. நான் ஒருநாள் கேட்டதற்கு, உனக்கு என்ன தெரியும் புஷ்பம், எனக்க மோவன் கானடாவுல மலை கெணக்க பெரிய வண்டி ஓட்டுகான், அவனுக்குத் தெரியாதா என்றார். நீ அங்கே ஒரு பம்பில் உன் லாரிப் பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பின போட்டோ இருக்கிறதே, அதைப் போனில் வைத்துக்கொண்டு காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவருக்கு வயது அறுபத்துநாலு, நீ சின்னவனாக இருந்தபோது உனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், தனக்குத் தெரிந்ததை எல்லாம் உன் ஒரு சிரிப்புக்கு விட்டுக்கொடுத்தார்.

ஜனவரியில் நடந்ததை நீ அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறாய், அதனால் நான் சொல்கிறேன், நான் கேபினுக்குள் இருந்தேன். வெள்ளறடையில் சித்தியைப் பார்த்துவிட்டு அவரோடு வந்தேன், வழியில் அதே பம்பில் டீசல் அடிக்க ஏறினோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்சி வந்து, மாமா ஆஃப் ஆக்குங்க, முதலாளி பாத்தா எனக்காக்கும் ஏச்சு என்றாள். என் காதால் கேட்டேன். அவர், நீ அடி மக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினார், பின்னால் நின்ற லாரியின் டிரைவரிடம் போனார், போனை எடுத்து உன் போட்டோவைக் காட்டினார். எஞ்சின் ஓடினால் கியரில் போட முடியாது, நியூட்ரலில்தான் கிடக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பம்பின் தரை பின்பக்கம் சரிவு. ஹேண்ட் பிரேக் பழையது, எஞ்சின் குலுங்கக் குலுங்க அது விட்டுவிட்டது போலிருக்கிறது. வண்டி மெல்லப் பின்னால் போவது எனக்குத் தெரிந்தது, எதை மிதிக்க வேண்டும் என்று தெரியவில்லை, கத்தத்தான் முடிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் காலில் முன்சக்கரம் ஏறி நின்றது. குழாய் பிய்ந்து டீசல் தரையெல்லாம் ஓடியது, எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தீ பிடிக்கவில்லை. நீ சொன்னது சரிதான் மகனே, டீசல் சட்டென்று தீ பிடிக்கவில்லை.

கானடாவில் நீயேதான் குழாயைப் பிடித்து நீயே அடித்துக்கொள்வாயாம், பக்கத்தில் ஒருவரும் நிற்பதில்லை என்று முன்பு சொல்லியிருக்கிறாய். இங்கே ஒரு பிள்ளை நிற்கிறாள் என்று உனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு இருபத்துமூன்று வயது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள், இன்னும் ஒரு ஆபரேஷன் இருக்கிறது. மினி அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பாவின் போனை வாங்கி உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உன் தோளுக்குப் பின்னால் ஒரு போர்டு இருக்கிறது, எஞ்சினை அணைக்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம். நான் அவளை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்பாவிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் மிச்சம் இருக்கிறது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

விபத்து ஆருக்கும் வரும், அதோடு நின்றிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அன்று சாயந்தரம் நீ போன் பண்ணினாய். வண்டி ஆஃப்லதான் நிண்ணு, அந்தப் பிள்ள கொஞ்சம் முன்னால எடுக்கச் சொன்னா, எடுக்கும்போ உருண்டு போச்சுண்ணு சொல்லுங்கப்பா, இல்லேண்ணா லைசென்ஸ் போவும் என்று சொல்லிக்கொடுத்தாய். அவர் அதை அப்படியே ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். எஞ்சின் ஓடும்போது டீசல் அடிக்க விட்டது பம்புக்கும் குற்றமாகும் அல்லவா, முதலாளிக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று, கேமரா அன்று வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார், பிள்ளையின் கவனக்குறைவு என்று வேலையில் இருந்தும் நீக்கிவிட்டார். கால் போனவள் மேலேயே குற்றமும் போனது. அம்மா உறங்கிட்டிருந்தேன்னு சொல்லட்டும் என்று எனக்கும் ஒரு வசனம் தந்தாய்.

அதை நான் சொன்னேன் ஜித்தின். ஸ்டேஷனில் அல்ல, அங்கே என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஆனந்தபாயிடம் சொன்னேன். சபையில் முப்பது வருஷமாக ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் இருக்கிறவள், உன் ஞானஸ்நானத்தன்று உன்னைக் கையில் வைத்திருந்தவள். வீட்டுக்கு வந்து உட்காரக்கூட இல்லை. புஷ்பம், நீ வண்டியில உண்டல்லா, எனக்க மக ஆஃப் ஆக்கச் சொன்னாளா இல்லியா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அத மட்டும் சொல்லு என்றாள். நான் உறங்கிப் போனேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். மனதில் குறையோ பொய்யோ வைத்துக்கொண்டு திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கக்கூடாது என்று உனக்கும் சண்டேஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பிப்ரவரியிலும் நான் எழும்பிப் போகவில்லை, மார்ச்சிலும் போகவில்லை. சபையில் எல்லாரும் எனக்கு முட்டுவலி என்று நினைக்கிறார்கள். ஆனந்தபாய் போனாள். அவளுக்கு என்மேல் குறை இருக்க வேண்டியது, அவள் போய் எடுத்துவிட்டு வந்தாள், நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

நேற்று பின்சியைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள், போர்வையைக் கால் பக்கம் இழுத்து விட்டுக்கொண்டாள். என்னிடம் அழவில்லை, ஏசவும் இல்லை. மாமி, நான் முன்னால எடுக்கச் சொல்லேல்ல, ஆளுவ எல்லாம் நான் சொன்னேன்னு சொல்லும்போ எனக்கே சந்தேகமா இருக்கு, நான் சொன்னேனா மாமி என்று கேட்டாள். நடக்காத ஒன்றைத் தான் செய்தேனோ என்று அந்தப் பிள்ளை படுத்தபடியே யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீயும் உன் அப்பாவும் அவளிடம் இருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. நானும் சேர்ந்துதான்.

இன்று காலையில் ஆனந்தபாயைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அணைக்கச் சொன்னாள், முன்னால் எடுக்கச் சொல்லவில்லை, நான் உறங்கவில்லை என்று சொன்னேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். வரும் வழியில் ஆனந்தபாய் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் விட்டுத் தந்தாள், அவ்வளவுதான். இனி அவளிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அப்பாவுக்கு லைசென்ஸ் போகும், பொய் சொன்னதற்கும் சேர்த்து வரும், உனக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். நான் உன்னை வெறுக்கவில்லை, ஆனால் உன் குரலைக் கேட்கும்போது இப்போது வயிறு எரிகிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், நாற்பது வருஷத்தில் அடித்ததில்லை, இருந்தாலும் நினைத்தேன். ஆஃப் ஆக்கச் சொன்னாள்ணு சொன்னியா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எத்தன மட்டம் சொன்னாள்ணு சொன்ன என்று கேட்டார். ஒருதடவை என்றேன். ரெண்டு மட்டம் சொன்னா, நான் எறங்கினப்பவும் பின்னால வந்து சொன்னா, நீ கேட்டிருக்கமாட்ட என்றார். மத்தியானம் சோறு போட்டு வைத்தபோது, திங்கக்கிழம நானும் ஸ்டேஷனுக்குப் போவேன் என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

சுமிக்கு என் அன்பைச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெளியில் வாங்கித் தின்றே வயிற்றைக் கெடுக்காதே. ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாட்களில் வேதத்தை எடுத்து ஒரு அதிகாரமாவது வாசி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன்னை ஆசீர்வதிப்பாராக, நீங்கள் கேட்டு ஜெபிக்கிற பிள்ளையைத் தராவிட்டாலும் முதலில் உனக்கு நல்ல மனதைத் தருவாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, திங்கட்கிழமை முடிகிறவரை அப்பாவுக்குப் போன் பண்ண வேண்டாம். நீ சொன்னால் அவர் கேட்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரா. புஷ்பபாய்