துப்பாக்கி லைசென்ஸும் வாடகை வீடும்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு அமெரிக்க வரலாற்று வீடியோவுக்கு சப்டைட்டில் போட்டேன். அடிமைத்தனம் ஒழிஞ்சும், கறுப்பர்கள் மட்டும் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் வாங்கணும்னு சில மாநிலங்கள்ல சட்டமாம். பின்னாடி வந்த சட்டங்கள்ல நிறத்தைப் பத்தின பேச்சே இல்ல. தகுதி இருந்தா போதும். ஆனா அந்தத் தகுதி இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது வெள்ளைக்கார அதிகாரி.

சாயங்காலம் கொரட்டூர்ல வீடு பார்க்கப் போனேன். டு-லெட் போர்டுல 'சைவம் மட்டும்'னு இருந்துச்சு. நான் முட்டைகூட தொடமாட்டேன்னு சொன்னதும் ஓனரம்மா சிரிச்சுக்கிட்டே பால்கனி வரைக்கும் வீட்டைக் காட்டினாங்க.

"ஊர்ல எந்தத் தெரும்மா?"

காலனித் தெருன்னேன். வேற ஏதாவது சொல்லியிருக்கலாம், வாய் வரல.

"அடடா, நேத்தே ஒருத்தர் பேசி முடிச்சுட்டாங்களேம்மா."

வெளிய வந்து திரும்பிப் பார்த்தேன். போர்டை யாரும் கழட்டல.

ராத்திரி அம்மா போன்ல, "வீடு எப்படிடி இருக்கு?"ன்னாங்க.

பால்கனில நின்னா ஏரி தெரியுதும்மான்னு மட்டும் சொன்னேன்.