முகம் பார்க்கிற ஆள்

ஜனவரி 4, ஞாயிறு

விடிய எழும்பினால் ஜன்னலில் உள்பக்கமும் வெள்ளை. இந்தக் கிழமை முழுக்கக் கடும் குளிராம். வானொலியில் சொன்னார்கள். இன்று வேலையில்லை. கம்பளி பனியன், நீளக் கால்சட்டை இரண்டும் தோய்த்து ஹீற்றரில் போட்டது.

எனக்கு எழுத்து மூன்றாம் வகுப்போடு நின்றது. வரி கோணுகிறது. கோணட்டும், பார்க்க ஆளில்லை. முன்பு என்றால் இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டோடு என் மனிசி றெஜினாவுக்குச் சொல்லி முடித்திருப்பேன். அவள் போனது டிசம்பரில். நெஞ்சு நோகுது என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. வரும் சனி முப்பத்தோராம் நாள் பூசை.

கோயிலில் பூசை முடிய ஒரு மனிசி கையைப் பிடித்துக்கொண்டு: "அண்ணை, அழுது போடுங்கோ. உள்ளுக்கை வச்சிருக்கக் கூடாது."
ஓம் என்றேன். வந்தால் அழலாம்தானே.

பின்னேரம் குசினியில் மகள் ஜெனி ஃபோனில் யாருக்கோ: "ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. மண் போட்ட அடுத்த நாள் மீன் வெட்டப் போயிட்டார். எனக்கு அந்த முகத்தைப் பாக்கவே ஏலாமக் கிடக்கு."
மாடிப்படியில் நின்று கேட்டது. தேத்தண்ணி போட இறங்கினவன், போடாமல் திரும்பி ஏறினேன்.

சீப்பு ஒன்று வாங்க வேண்டும். வீட்டுச் சீப்பில் அவளுடைய தலைமயிர் கிடக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

இல்ஃபோர்ட் பஸ் தரிப்பில் பெட்டை ஒன்று முழங்கால் கிழிந்த ஜீன்ஸோடு. காசு கொடுத்து வாங்கின கிழிசலாம். அதற்குள்ளால் காற்று போகாதா?

போட்டது: கம்பளி பனியன், சட்டை, கம்பளி ஸ்வெட்டர், மேலே எண்ணெய்ச்சீலைக் கோட்டு. பருத்தி உடம்போடு ஒட்டக் கூடாது, வியர்த்தால் ஈரம் நிற்கும். சொக்ஸ் இரண்டு. நடுவில் பாண் ரொட்டி சுற்றி வருகிற பிளாஸ்டிக் பை. சப்பாத்து ஒரு அளவு பெரிது. இறுக்கினால் இரத்தம் ஓடாது. நிற்கிற இடத்தில் கார்ட்போட் மட்டை மூன்று. குளிர் மேலே இருந்து வருவதில்லை, நிலத்தில் இருந்துதான் ஏறும்.

வால்தம்ஸ்டோ சந்தையில் ரூபனின் மீன்கடை. கடை உள்ளே, மேசை வெளியே. வெளிமேசை என்னுடையது. ஐஸுக்குள் கை விடுவதும் வெட்டுவதும் பையில் போடுவதும்.

ரூபன் வாசலில் நின்று: "அன்ரனி அண்ணை, உள்ளுக்கை வாங்கோ. பில்லைப் பாருங்கோ, நான் வெளியில நிக்கிறன்."
"நீ வெளியில நிண்டால் மத்தியானத்துக்கு விறைச்சுப்போவாய், உன்னையும் மீனெண்டு நிறுத்து வித்துப்போடுவாங்கள்."
அவன் சிரித்தான். நல்லவன். சைவ சமயம், ஆனாலும் செத்தவீட்டுக்கு மூன்று நாளும் வந்தான்.

எழுத மறந்தது. காலையில் வீட்டுக் கதவடியில் நின்றேன். கோட்டுப் பூட்டி, தொப்பி போட்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகுதான் ஞாபகம் வந்தது, பார்க்க அவள் இல்லையென்று. கதவைத் திறந்து போனேன்.

ஜனவரி 6, செவ்வாய்

குழாய் உறைந்துவிட்டது. ரூபன் கெட்டில் தண்ணீர் ஊற்றி இளக்கினான். யாவாரம் மந்தம். நின்றபடி பழசு ஓடியது.

நோர்வேயின் வடக்கு முனை. கடற்கரை ஊர், மரம் கிடையாது, மாரியில் சில கிழமைகளுக்குச் சூரியன் வரவே வராது. கொட் மீனைத் தலை வெட்டி, வாலோடு வால் கட்டி, மரக்கம்புகளில் காற்றில் காயத் தொங்கவிடுகிற வேலை. றெஜினா கட்டுவாள், நான் ஏணியில் நின்று தூக்கிப் போடுவேன். மன்னாரில் நாங்கள் வெயிலில் காயவைத்த மீனை அங்கே குளிரில் காயவைத்தோம். அவளுக்கு அது பெரிய பகிடி. "மீனுக்கு எல்லாம் ஒண்டுதான். எங்களுக்குத்தான் கரைச்சல்."

முதல் மாரி. மடு மாதா கோயிலில் இருந்து கொண்டுபோன தீர்த்தப் போத்தல் வாசல் ஆணியில் தொங்கும். வேலைக்கு இறங்கும்போது விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போவது வழக்கம். ஒருநாள் சரியான காற்று. தீர்த்தம் கொஞ்சம் கூடத் தொட்டுவிட்டேன். ஏணியில் நிற்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. கீழே நின்று றெ. கத்துகிறாள்: "இஞ்சேருங்கோ, இறங்குங்கோ! நெத்தி!" நெற்றியில் சிலுவை போட்ட இடம் மட்டும் மெழுகு மாதிரி வெள்ளை. வேலை மேற்பார்க்கிற போர்மன் வந்து பார்த்தான். நான் தேய்க்கப் போக என் கையில் அடித்தான். தேய்த்தால் தோல் செத்துவிடும். வெறும் உள்ளங்கையை வைத்து அசையாமல் நிற்க வேண்டும். அவள் கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.
"ஆண்டவர் முத்திரை குத்திப்போட்டார். இனி நீங்கள் தொலைஞ்சாலும் கொண்டந்து தருவாங்கள்."

போர்மன் அன்று சொன்னது: உறைகிற இடம் உனக்குத் தெரியாது, உணர்ச்சி முதலில் போய்விடும். ஆளை ஆள் முகம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதுதான். மீன் கட்டுவாள், நிமிர்ந்து பார்ப்பாள். "மூக்கு." "கன்னம்." ஒரு சொல்தான். சொன்னால் மூடிக்கொள்வேன். நான் அவளைப் பார்ப்பேன். சண்டை பிடித்துப் பேசாமல் இருந்த நாளிலும் அது நிற்கவில்லை.

வலது காது மட்டும் தப்பவில்லை. அவள் ஜெனியைப் பெற்றெடுக்கப் போயிருந்த கிழமை, பார்க்க ஆளில்லை. மேல் விளிம்பில் ஒரு துண்டு போய்விட்டது. இன்றும் அந்த இடம் சுலபத்தில் விறைக்கும்.

ஜெனி அங்கே பிறந்து ஏழு வயதில் இங்கே வந்தவள். குளிரும் பாஷையும் மறந்திருப்பாள்.

லண்டன் குளிர் அதற்குக் கிட்டவும் வராது. ஆனாலும் றெ. காலையில் கதவடியில் பிடித்து நிறுத்திக் காதைப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள். தொப்பியை இழுத்துவிடுவாள். போங்கோ என்பாள்.

ஜனவரி 7, புதன்

மீன் வாங்க வந்த மனிசி, யாழ்ப்பாணத்து ஆள், வாய்க்காரி: "அப்பு, பலகையில ரத்தம் ஆற்றை? மீன்ரையோ, உங்கடையோ?"
குனிந்து பார்த்தால் சுட்டுவிரல். நல்ல ஆழம். கத்தி போனது தெரியவில்லை.
"உங்கடை எண்டால் காசைக் குறையுங்கோ" என்றாள். பிறகு அவளே பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஒட்டிவிட்டாள். என் மனிசி செத்தது அவளுக்குத் தெரியும் போல. போகும்போது பகிடி விடவில்லை.

பலகையில் கிடந்த பாரை மீன் முழுவதையும் எறிந்தோம். ரூபன் பலகையைக் கழுவினான்.

இரவு விரலை அமத்திப் பார்த்தேன். நோகவில்லை. நொந்தால் பயமில்லை. வடக்கில் புதிதாக வருகிற பெடியளுக்கு நான் சொல்வது: அடுப்படிக்கு வந்ததும் நோகும், கத்த வேண்டும் போல இருக்கும், அப்போது சந்தோசப்படு, தசை உயிரோடு கிடக்கு. நோகாதவனைத்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவோம்.

ஜனவரி 8, வியாழன்

ஜெனியோடு வார்த்தை. ஒரு கிழமைக்குப் பிறகு பேசினாள், அது இதற்கு.

மேசையில் சோற்றை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து: "சனிக்கிழமை எண்டாலும் லீவு எடுப்பீங்களோ? இல்லாட்டி மீன் அழுகிப் போயிடுமோ?"
"எடுத்திட்டன், பிள்ளை."
"அம்மாவை மண்ணுக்கை வச்ச அடுத்த நாள் போன மனிசன். கேட்டுத்தானே ஆகவேணும்."
வீட்டில் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குளிரில் என்ன செய்வதென்று தெரியும். இதை அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சோற்றைத் தின்றேன். கணவாய்க் கறி. உப்புச் சரியா என்று கேட்டால் தெரியாது.

"நான் ஒண்டு சொல்லுறன் அப்பா" என்றாள். "முப்பத்தொண்டு முடியட்டும். ஒரே வீட்டில இப்பிடி இருக்க எனக்கு ஏலாது. நீங்கள் கல்லு மாதிரித் திரியிறதைப் பாக்கப் பாக்க நான் விசராகிப் போவன்."
ஓம் என்றேன்.
"எல்லாத்துக்கும் ஓம்" என்று கதவை அடித்துச் சாத்தினாள்.

ஃபோன் எடுத்து ரூபனிடம் கேட்டேன். கடைக்கு மேலே ஒரு அறை கிடக்கிறது. அவன் குரல் மாறியது. "ஏன் அண்ணை? பிள்ளையோட பிரச்சினையோ?" வேலைக்குக் கிட்ட என்றேன். சனி பின்னேரம் வாங்கோ, அறைக் கதவுத் திறப்புத் தாறன் என்றான்.

ஜனவரி 9, வெள்ளி

பை கட்டியாயிற்று. கம்பளி உடுப்பு, வேதப் புத்தகம், கத்தி மூன்று, றெ.யின் கையுறை (வடக்கில் போட்டது, எனக்குச் சிறிது). கதவடியில் வைத்தேன். ஜெனி வேலையால் வந்து அதைத் தாண்டிப் போனாள்.

நாளைக்குக் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. ஜெனி விடியும்வரை சமைப்பாள் போல. வாசம் மேலே வருகிறது. உதவட்டோ என்று கேட்க இறங்கினேன். முதுகு தெரிந்தது. தாயின் முதுகு மாதிரியே. திரும்பி வந்தேன்.

சீப்பு வாங்க இன்றும் மறந்தது.

ஜனவரி 10, சனி

கிழமையிலேயே மோசமான குளிர். பூசை முடிந்து சவக்காலைக்கு. பத்துப் பதினைந்து பேர். மண் இன்னும் இறங்கவில்லை, மேலே இறுகிக் கிடந்தது. பூ வைத்தால் காற்று கொண்டுபோகிறது, கல் தேடிப் பாரம் வைத்தோம்.

செபத்துக்குத் தொப்பியைக் கழற்றினேன். ஆம்பிளைகள் எல்லாம் கழற்றத்தானே வேண்டும். பாதர் தீர்த்தம் தெளித்தார். காற்றுக்கு அது மண்ணில் விழாமல் என் பக்கம் வந்தது. துடைக்கவில்லை. செபம் நீண்டது. மற்றவர்கள் முடிந்ததும் தொப்பியைப் போட்டார்கள். நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒருவரொருவராக மண்டபத்துக்கு வெளிக்கிட்டார்கள்.

ஜெனி எதிர்ப்பக்கம் நின்றாள். குனிந்து பூவைச் சரிப்பண்ணினாள். நிமிர்ந்தாள். அவள் தாய் மீன் கட்டிவிட்டு நிமிர்கிற மாதிரி.

"அப்பா, காது."

எனக்கு விளங்கவில்லை. சும்மா நின்றேன். அவள் மண்மேட்டைச் சுற்றி ஓடி வந்தாள். பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றி, உள்ளங்கையைக் காதில் வைத்தாள். நான் யோசியாமல் தேய்க்கக் கை தூக்க, தட்டிவிட்டாள்.
"தேய்க்காதேங்கோ! அசையாம நில்லுங்கோ."
"உனக்கு ஆர் சொன்னது?"
"அம்மாதான். நோர்வேயில பள்ளிக்கூடம் போகேக்க வாசலில பிடிச்சு வச்சு முகம் பார்ப்பா. பெல் அடிச்சாலும் விடமாட்டா."
நின்றோம். அவளுடைய கை நல்ல சூடு.
"எப்ப இருந்து விறைச்சது?"
"தெரியேல்லை."
"தெரியாட்டி ஆரையும் கேட்டிருக்கலாமே."
"கொம்மாதான் பாக்கிறவ" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. தூரத்தில் யாரோ காரில் ஹோர்ன் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் ஹீற்றரைக் கூட்டிவிட்டாள். மனோர் பார்க் தாண்டும்போது தொடங்கியது. முதலில் ஊசி குத்துகிற மாதிரி, பிறகு யாரோ பிடித்து முறுக்குகிற மாதிரி. பல்லைக் கடித்தேன். கண்ணால் ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை. மூக்காலும் ஓடியது.

"காது நோகுது" என்றேன்.
"ஓம் அப்பா" என்றாள். வண்டியை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டு அவளும் அழுதாள். மண்டபத்தில் சனம் காத்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். பை கதவடியில். ரூபன் இரண்டு தரம் ஃபோன் எடுத்திருக்கிறான். ஜெனி அதைக் காலால் உள்ளே தள்ளி, கோட்டுகள் தொங்குகிற சுவரோடு விட்டுவிட்டுப் போனாள். நாளைக்கு அவனுக்கு என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டும்.

விரலும் நோகிறது.