பதினேழாம் எண் தைத்த பை

வியாழக்கிழமை தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிக்கிறேன்

அன்பு மகளுக்கு, எங்கள் வீட்டு ரேடியோவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய்யாகிவிடும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் டாக்டர் சொன்ன அளவில்தான் இருக்கிறது. மற்றதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன நான்கு ஞாயிறும் இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். முதல் வாரம் மிக்ஸி ஓடவில்லை என்று சொன்னேன். இரண்டாவது வாரம் மிக்ஸி ஓடுகிறது என்று சொன்னேன். மூன்றாவது வாரம் உங்கள் ஊரில் மழையா என்று மூன்று தடவை கேட்டேன். நான்காவது வாரம் நீயே, "அப்பா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாய். குழாயைத் திறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று போனை வைத்தேன். குழாய் மூடித்தான் இருந்தது. கையில் பேனா இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். முப்பத்திரண்டு வருடம் தபால் பிரித்தவனுக்குப் போனைவிடக் காகிதம்தான் பழக்கம்.

முதலில் வீட்டுச் செய்தி. நம் கட்டடத்தில் குப்பை பிரிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கட்டினார்கள் என்ன, நானே கையைத் தூக்கினேன். வாசலில் இருக்கும் நான்கு பெட்டிகளுக்கும் புதிதாகப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, பச்சை கண்ணாடிக்கு, பழுப்பு துணிக்கு. எனக்குப் பின்னால் குப்பை மந்திரி என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும். இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கு மட்டும் எத்தனை சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை. எண்ணெய் வடியும் அட்டை டப்பாவை அப்படியே நீலப் பெட்டியில் போடுகிறார். போன மாதம் நாலு பேர் பார்க்க அவரைப் பிடித்து, "படிச்சவரு நீங்களே இப்படிச் செய்யலாமா? ஒருத்தர் செய்ற தப்புல ஒரு பெட்டியே வீணாப்போகுது" என்று சத்தம் போட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கே முகம் சுட்டது. என்ன வாய் எனக்கு!

டிவியில் அந்தப் பாட்டுப் போட்டி மறுபடி ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் கீழ்த்தளக் கூடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் பார்க்கிறார்கள். நான் போவதில்லை. வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறேன். பிள்ளைகள் வாயைத் திறந்து மூடுகிறார்கள், அவ்வளவுதான். முடிவு சொல்லும் நேரம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டெய்லர் அத்தை வீட்டைக் காலி செய்கிறாள். கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதி தம்பியோடு அவன் ஊருக்கே போய்விடுகிறாள். சாமான்களைப் பிரித்துக்கொடுக்க என்னைக் கூப்பிட்டாள். நான்தான் மந்திரியாயிற்றே. போன மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாம் மாடிக்குப் போனேன். பொத்தான் டப்பா ஒரு பக்கம், துணி வெட்டும் அளவுக் காகிதம் ஒரு பக்கம், துண்டுத் துணி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே அந்த நீலப் பை இருந்தது. போட்டிக்கு உனக்குத் தைத்த பாவாடையின் உள்துணியில் மிச்சம் எடுத்து, உன் போட்டி எண் பதினேழை மஞ்சள் நூலில் தைத்தாளே, அந்தப் பை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியும் நான் மாற்றிச் சொன்னது. இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அரையிறுதி நடந்தபோது நீ போட்டிக்காரர்களின் விடுதியில் இருந்தாய். அந்த வருடம் போன் ஓட்டு கிடையாது. சோப்புத் தூள் அட்டைப்பெட்டியில் இருக்கும் கூப்பனை வெட்டி, பின்னால் எண்ணையும் நம் பகுதியின் பெயரையும் எழுதி அனுப்பவேண்டும். அத்தை இருபத்துநான்கு வீட்டுக் கதவையும் தட்டினாள். காலிப் பெட்டியை யாரும் நீலப் பெட்டியில் போடக்கூடாது, தன்னிடம்தான் தரவேண்டும் என்று உத்தரவு போட்டாள். பல் டாக்டர் உனக்காக ஒரே நாளில் பன்னிரண்டு பெட்டி வாங்கினார். அந்தத் தூள் இன்னும் தீரவில்லையாம். எல்லாக் கூப்பனையும் அத்தை பெரிய கத்தரிக்கோலால் ஒரே அளவாக வெட்டி எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு. செவ்வாய்க்கிழமை காலை பையை என் கையில் கொடுத்து, "தபால் ஆபீஸ்காரர் கையில குடுத்தா போய்ச் சேர்ந்த மாதிரிதான் அண்ணே" என்றாள்.

நான் படி இறங்கினேன். தபால் நிலையம் பத்து நிமிட நடை. பழைய பேப்பர் வண்டி வரும் நேரம் அது, தெருமுனையில் அதன் மணி கேட்டது. நீலப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். பையைக் கவிழ்த்தேன். உன் இருநூற்றுப் பதினான்கு ஓட்டும் பழைய செய்தித்தாள் மேல் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் வண்டிக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போனார். எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்.

கையில் பை மட்டும் மிஞ்சியது. துணியைக் காகிதப் பெட்டியில் போடக்கூடாது அல்லவா? நாலாக மடித்துப் பழுப்புப் பெட்டியில் வைத்தேன். பெற்ற மகளின் கழுத்தை அறுத்துவிட்டு, துணி துணியோடுதான் சேரவேண்டும் என்று ஒழுங்கு பார்த்தேன். உன் அப்பன் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இதைவிட விளக்கமாக என்னால் எழுத முடியாது.

சனிக்கிழமை முடிவு சொன்னார்கள். அத்தையும் நானும் நம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். தொண்ணூற்றாறு ஓட்டு வித்தியாசத்தில் நீ தோற்றாய். சொந்தப் பகுதியிலிருந்து வந்தது பதினொன்று மட்டும் என்று அறிவிப்பாளர் ஏதோ வேடிக்கை போலச் சொன்னார். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். கேமரா உன் முகத்திலேயே நின்றது. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. அழுகையை மறைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீ வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாய்: "நம்ம பில்டிங் கூப்பன் எல்லாம் என்னாச்சுப்பா?" உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான் சொன்னது இது: "அத்தை என்கிட்ட தரவே இல்லையேம்மா." இந்த நான்கு சொல் போதாதா? நீ மூன்றாம் மாடிக்கு ஓடினாய். நான் படியில் நின்று கேட்டேன். உங்களுக்கு வாயில மட்டும்தான் பாசம், நான் முன்னுக்கு வர்றது உங்களுக்குப் பிடிக்கல என்று நீ கத்தினாய். அவள் மறுத்துப் பேசுவாள், நான் மாட்டிக்கொள்வேன் என்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள், "ஆமாம்மா, தேதியை மறந்துட்டேன்" என்றாள்.

கட்டடத்தில் எல்லோருக்கும் அதையே சொன்னாள். ஒரு வருடம் யாரும் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை. பதினைந்து நாளில் நீ அந்த ஆஸ்பத்திரி வேலையை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய்விட்டாய். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். மூன்று வருடமாக அவள் பெயரை நான் போனில் எடுத்தால் பேச்சை மாற்றுகிறாய். எடுக்காமல் இருந்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அவள் ஏன் பழியை ஏற்றாள் என்று எனக்கு அன்று புரியவில்லை. ஞாபகமறதி, தானே குழம்பிவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இழுப்பறையைத் திறந்த அன்றுதான் தெரிந்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மிதியடி தைக்கத் துண்டுத் துணி எடுக்க வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டிய கிளறுவேன்ல, அப்ப கிடைச்சுது அண்ணே. நாலா மடிச்சு, முனையோட முனை சேர்த்து வச்சிருந்துச்சு. இந்த பில்டிங்ல அப்படி மடிக்கிற ஆளு ஒருத்தர்தான்."

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்தப் பெட்டியைக் கிளறுவாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஏன் அங்கே வைத்தேன் என்று நான்கு வாரமாக யோசிக்கிறேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்ப அவ அம்மா தவறி எட்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவளுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர். அந்த ஒருத்தரையும் நான் எடுத்துடணுமா? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறா. நான் யாரு, மாடிவீட்டு டெய்லர்தான்." பிறகு, "நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். மூணு வருஷம் ஆயிடுச்சு" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அதற்கும் எனக்கு வெட்கம் இல்லை.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். இறுதிச் சுற்றுக்குப் போனால் ஒரு வருடம் வெளியூர் என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தது. உன் அம்மா கட்டில் பக்கம் பார்க்கவே எனக்கு அப்போது முடியவில்லை. நீயும் போய்விட்டால் அந்த வீட்டில் பேச ஆள் இல்லை என்று பயந்தேன். இப்படி எழுதிவிட்டு இரண்டு நாள் இந்தக் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். படிக்கிறவர்களுக்கு என் மேல் பரிதாபம் வரும்படி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது முழுக் காரணம் இல்லை. எதையும் பிரித்துப் போடு என்று ஊருக்கு உபதேசம் செய்கிறேன், இதையும் பிரித்தே போடுகிறேன்.

காலிறுதியில் பாட்டு யாரிடம் கற்றாய் என்று உன்னைக் கேட்டார்கள். மூன்றாம் மாடி டெய்லர் அத்தையிடம், அவங்க மெஷின் மிதிச்சுக்கிட்டே பாடுவாங்க, நான் கீழே உட்கார்ந்து கேட்பேன் என்றாய். உண்மை. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் தபால் ஆபீசில் என் பழைய சிநேகிதர்களிடம், பாட்டு என் ரத்தத்தில் வந்தது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். டிவியில் நீ என் பேரைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் மகளே. அவள் வெட்டி எழுதிய கூப்பனால் நீ ஜெயித்தால் அந்த வெற்றி அவளுடையதாகிவிடும் என்று வயிறு எரிந்தது. மூடியைத் திறந்த கைக்குள் பயத்தோடு அதுவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதும் துணிச்சல் இல்லை.

நீ போனது அதனால் நிற்கவும் இல்லை. வீடு காலியாகத்தான் இருக்கிறது. நீ பாடுவதை நிறுத்திவிட்டாய் என்று உன் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லையாம். சின்ன வயதில் உன்னை நிறுத்தச் சொல்லி உன் அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சுவாள். அப்படித்தானே ரேடியோ என்று பேர் வைத்தோம்.

நேற்று நாற்காலி போட்டிருந்த கூடத்துக்குப் போனேன். போட்டி தொடங்குமுன் எல்லோரையும் உட்காரவைத்து, கூப்பனை எறிந்தது நான், டெய்லரம்மா இல்லை என்று சொல்லிவிட்டேன். அத்தை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன், இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள். பல் டாக்டர் எழுந்து போய் டிவியை அணைத்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. இன்று காலை பார்த்தேன், அவருடைய அட்டை டப்பா நீலப் பெட்டியில் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அது. இப்போது கொடுக்காதே. இது கையில் கிடைத்ததும் வருகிற ஞாயிறு எனக்குப் போன் செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் அத்தைக்குச் செய். பத்தாம் தேதிக்குப் பிறகு அவள் எண் மாறிவிடும், அதற்குள் செய். மெஷினை விற்றுவிட்டாள், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். நீதான் ஆரம்பிக்கவேண்டும்.

பையை இதோடு அனுப்புகிறேன். இந்தப் பொதியைத் தபால் நிலையத்துக்கு நான் எடுத்துப்போகவில்லை. என் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்த மாதிரி என்று இனி யாரும் சொல்லக்கூடாது. கடிதத்தை உள்ளே வைத்து அத்தையிடமே கொடுக்கிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தால், மேல்துணியைத் தைத்து மூடி அவளே தபாலில் போட்டுவிடுவாளாம். கண் தெரியாமல் தைத்த தையல், கோணலாக இருக்கும். அந்த நூலை மட்டும் கத்தரிக்காமல் மெதுவாக உருவி எடு.

நீ எந்த ஊரில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல மனிதர்களுக்கு நடுவில் நன்றாக இரு. பாடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. அத்தை கேட்டால் பாடு.

இப்படிக்கு,
ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த
உன் அப்பா