குறை சொல்லாத கடிதம்

மட்டாஞ்சேரியையே நடுங்க வைத்த என் மருமகளுக்கு,

போர் நடக்கும் ஊரில் காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்யப் போன நீ எழுதிய கடிதம் வந்தது. சாப்பாடு அருமை, படுக்கை அருமை, எல்லாம் அருமையாம். அதுதான் எனக்குச் சந்தேகம். ஒரு சாக்கடை அடைத்துக்கொண்டால் ஒன்பதாயிரம் மனு எழுதியவளாயிற்றே நீ! முப்பது வருஷமாக உன் கையெழுத்தைக் கண்டாலே கவுன்சிலர்களுக்குக் குளிர்காய்ச்சல்.

கடிதத்தை உன் உம்மாவுக்கு, அதுதான் என் தங்கச்சிக்கு, படித்துக் காட்டினேன்.

“எந்தா, அவ ஒரு குறையும் சொல்லலியா?”

“சாயா கழுநீர் மாதிரி இருக்காம்” என்று நானே சேர்த்துவிட்டேன்.

“அப்போ சுகமாத்தான் இருக்கா” என்று சிரித்துவிட்டு மீன் வாங்கப் போனாள்.

உடனே எதையாவது திட்டி எழுது. எனக்குப் பொய் சொல்லித் தேற்ற இங்கே யாருமில்லை.

சந்தேகச் சக்கரவர்த்தி,
உன் மாமா